பெஞ்சில் இரண்டு நிமிடம்

ஃபுட்சால் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் களத்தில் ஐந்து பேர். கோல்காப்பாளரை விட்டுவிட்டால் ஓடி ஆடுபவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பந்தின் பின்னால் ஓடும் நம் கண் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. "அவள் மாற்று ஆட்டக்காரிதானே" என்று சொல்லும்போது நம் குரலில் சற்று இளக்காரம்கூட இருக்கும். பெஞ்சில் இருப்பவளுக்கும் அது தெரியும்.

அந்த நேரத்தில் அவளுடைய தொடைத் தசைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நாம் அப்படிப் பேசமாட்டோம்.

மாணவர்களே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உயர்நிலைப் பள்ளி மாணவிகள் அணி ஒன்றுக்கு நீங்கள்தான் பயிற்றுவிப்பாளர். அணியில் ஒன்பது பேர்: ஒரு கோல்காப்பாளர், எட்டு ஆட்டக்காரர்கள். போட்டி ஒரே நாளில் முடிந்துவிடும். பிரிவுச் சுற்றில் மூன்று ஆட்டங்கள். தேறினால் அரையிறுதி, பிறகு இறுதி. ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்து நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். உங்கள் எட்டுப் பேரில் நால்வர் மற்றவர்களைவிடத் திறமையானவர்கள். அந்த நால்வரையே கடைசிவரை ஆடவிடுவீர்களா? எட்டுப் பேரையும் மாற்றி மாற்றி அனுப்புவீர்களா?

பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பந்தைப் பார்ப்போம்.

துள்ளாத பந்து

ஃபுட்சால் உருகுவே நாட்டின் தலைநகரான மொண்டேவிடியோவில் 1930களின் தொடக்கத்தில் பிறந்தது. அங்கே ஒய்எம்சிஏ சங்கத்தில் ஆசிரியராக இருந்த உவான் கார்லோஸ் செரியானி, உடற்பயிற்சிக் கூடத்துக்குள் ஆடக்கூடிய காற்பந்தை உருவாக்க விரும்பினார். ஐந்து பேர் கொண்ட அணி என்பதைக் கூடைப்பந்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

சிறிய கூடத்தில் வழக்கமான காற்பந்தை உதைத்தால் அது சுவருக்கும் கூரைக்கும் துள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் ஃபுட்சால் பந்து துள்ளலைக் குறைத்துத் தயாரிக்கப்படுகிறது. அதன் சுற்றளவு 62 முதல் 64 செ.மீ.; எடை 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்திலிருந்து அதை விட்டால் முதல் துள்ளலில் 50 செ.மீ.க்குக் குறையாமலும் 65 செ.மீ.க்கு மிகாமலும் எழும்ப வேண்டும் என்பது விதி.

உயரத்தில் இருக்கும் பொருளின் நிலையாற்றல் அதன் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 200 செ.மீ.யிலிருந்து விழுந்த பந்து 50 செ.மீ.க்கு எழும்பினால் அதனிடம் மிஞ்சியிருப்பது 25 விழுக்காடு ஆற்றல்தான். 65 செ.மீ. என்றால் 32.5 விழுக்காடு. மீதி ஆற்றலில் பெரும்பகுதி பந்து நசுங்கி விரியும்போது வெப்பமாக மாறிவிடுகிறது. ஒரு சிறு பகுதி 'தொப்' என்ற ஒலியாகக் காதில் விழுகிறது. பள்ளி மண்டபத்தில் ஓர் அளவுநாடாவையும் இரண்டு வகைப் பந்துகளையும் வைத்து நீங்களே இதைச் செய்து பார்க்கலாம்.

பந்து தரையை விட்டு அதிகம் எழாததால் ஆட்டம் காலடியிலேயே நடக்கிறது. இடமும் குறைவு. அனைத்துலக ஆட்டங்களின் தளம் ஏறக்குறைய 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. பக்கவாட்டிலிருந்து பந்தைத் திரும்ப உள்ளே உதைக்க 4 விநாடிதான் அவகாசம். ஆகவே ஆட்டக்காரர் நின்று மூச்சுவாங்க நேரமே கிடைப்பதில்லை. ஐந்தாறு அடி பாய்ச்சல், திடீர் நிறுத்தம், திருப்பம், மறுபடியும் பாய்ச்சல். இந்த வகை ஓட்டத்துக்கு உடல் எங்கிருந்து ஆற்றலை எடுக்கிறது என்பதில்தான் நம் கேள்விக்கான விடை தொடங்குகிறது.

பத்து விநாடிக் கையிருப்பு

தசை சுருங்க நேரடியாகச் செலவாகும் பொருள் ஏடிபி. ஆனால் தசை அதைச் சேமித்து வைப்பது மிகக் குறைவு. முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் தாங்காது. செலவாகச் செலவாக அதை உடனுக்குடன் நிரப்ப வேண்டும். மிக விரைவாக நிரப்புவது தசைக்குள் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள்.

உங்கள் ஈஸி-லிங்க் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது சிறிய தொகைதான். ஆனால் தட்டியதும் எம்ஆர்டி நிலையத்தின் கதவு திறந்துவிடும். வங்கிக் கணக்கில் அதைவிட அதிகப் பணம் இருக்கலாம். அதை அட்டையில் ஏற்றச் சற்று நேரம் பிடிக்கும். பாஸ்போகிரியேட்டின் அந்த அட்டையைப் போன்றது. தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளும் உடலில் உள்ள கொழுப்பும் வங்கிக் கணக்கைப் போன்றவை. அவற்றில் ஆற்றல் அதிகம். வெளியே எடுக்க நேரமும் அதிகம்.

முழு வேகப் பாய்ச்சலில் பாஸ்போகிரியேட்டின் ஏறக்குறைய பத்து விநாடிகளுக்குள் பெரிதும் தீர்ந்துவிடும். அதன் பிறகும் ஓடலாம். முதல் பாய்ச்சலின் வேகம் மட்டும் கிடைக்காது. பந்தைப் பறித்துக்கொண்டு ஓடும் எதிரணி மாணவியை அரை அடியில் தவறவிடுவது இதனால்தான். அவளுக்கு அக்கறை இல்லை என்று நாம் நினைப்போம். அவளுடைய அட்டையில் பணம் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அரை நிமிடக் கணக்கு

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஓய்வு கொடுத்தால் இந்தக் கையிருப்பு வெகு விரைவாக நிரம்பும். இழந்ததில் பாதி ஏறக்குறைய அரை நிமிடத்தில் திரும்பி வரும். அடுத்த அரை நிமிடத்தில், மீதமுள்ள குறையில் பாதி நிரம்பும். கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுள் கணக்கைப் போன்றதுதான் இது. ஆளுக்கு ஆள் வேகம் சற்று மாறும். தசை மிகவும் களைத்திருந்தால் மெதுவாகும். கணக்கின் வடிவம் மாறாது.

உங்கள் ஆட்டக்காரி ஒருத்தி களத்தை விட்டு வரும்போது அவளிடம் 40 விழுக்காடு கையிருப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறை 60.

30 விநாடி கழித்து: 70 விழுக்காடு.
60 விநாடி கழித்து: 85 விழுக்காடு.
90 விநாடி கழித்து: 92.5 விழுக்காடு.
120 விநாடி கழித்து: ஏறக்குறைய 96 விழுக்காடு.

இந்த நான்கு வரிகளை இன்னொரு முறை பாருங்கள். முதல் அரை நிமிடத்தில் 30 புள்ளிகள் கிடைத்தன. நான்காவது அரை நிமிடத்தில் நான்கு புள்ளிகள்கூடக் கிடைக்கவில்லை. அவளை மேலும் இரண்டு நிமிடம் உட்கார வைத்தாலும் இன்னும் நான்கு புள்ளிகளுக்கு மேல் கிடைக்க வழியில்லை. ஆகவே நீண்ட ஓய்வு ஒரே ஒரு முறை கொடுப்பதைவிடக் குறுகிய ஓய்வு பல முறை கொடுப்பது இந்தக் கையிருப்புக்கு நல்லது.

ஃபுட்சால் விதிகள் இதற்கு இடம் தருகின்றன. பெரிய காற்பந்தில் ஆள்மாற்றத்துக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. வழக்கமான ஆட்டங்களில் வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போக முடியாது. ஃபுட்சாலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். ஆட்டத்தை நிறுத்தவும் வேண்டாம். பெஞ்சில் இருப்பவள் போட்டிருக்கும் 'பிப்' என்ற வண்ண மேலாடையை வெளியே வருபவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறாள். வெளியே வந்தவள் அதைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள்.

இப்போது உங்கள் அணிக்கு அட்டவணை போடுவோம். ஒரு பாதியில் நான்கு இடங்கள், பத்து நிமிடம்: மொத்தம் 40 ஆள்-நிமிடங்கள். எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம். நால்வர் நால்வராக 'அ', 'ஆ' என்று இரண்டு குழுக்கள் அமைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பத்து நிமிடத்தில் ஐந்து முறைகள் வரும். 'அ' குழு தொடங்கினால் அதற்கு மூன்று முறைகள், அதாவது ஆறு நிமிடம். 'ஆ' குழுவுக்கு நான்கு நிமிடம். இரண்டாம் பாதியை 'ஆ' குழு தொடங்கட்டும். முடிவில் எல்லாருக்கும் சரியாகப் பத்துப் பத்து நிமிடம்.

ஐந்து ஆட்டங்களுக்கு இது ஆளுக்கு 50 நிமிடம். நால்வர் மட்டுமே ஆடினால் ஒவ்வொருவருக்கும் 100 நிமிடம். அட்டையை மட்டுமின்றி வங்கிக் கணக்கையும் சேர்த்துக் காலிசெய்யும் வேலை அது. கிளைக்கோஜன் முழுதாகத் திரும்ப நிரம்ப நன்றாகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அன்று மாலையே நடக்கும் இறுதி ஆட்டத்துக்கு அது வந்து சேராது. ஆட்டங்களுக்கு இடையே வாழைப்பழம், இட்லி போன்ற எளிதில் செரிக்கும் மாவுச்சத்து உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஓரளவு ஈடுகட்டலாம். கொழுப்பு வயிற்றில் நெடுநேரம் தங்கும். தேக்கா நிலையத்தின் பரோட்டாவைக் கடைசி ஆட்டம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

ஆவியாகாத வியர்வை

சிங்கப்பூரில் ஆடுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதி வெப்பம். அதை வெளியேற்ற உடல் வியர்க்கிறது. ஒரு கிராம் வியர்வை தோலின் மேல் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கவனியுங்கள்: ஆவியாகும்போதுதான். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிரவைப்பதில்லை. உடலின் நீர்தான் குறைகிறது.

இங்கே காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஏற்கனவே நீராவி நிறைந்த காற்றில் வியர்வை மெதுவாகத்தான் ஆவியாகும். குளிரூட்டப்படாத மண்டபத்தில் ஆடுபவளின் தோலை ஒட்டி ஈரமான காற்று தங்கிவிடும். அதனால் பெஞ்சுக்கு அருகில் ஒரு மின்விசிறி இருப்பது சொகுசு அல்ல. அது ஈரக் காற்றை விலக்கி, ஆவியாதலுக்கு வழிவிடுகிறது. ஒவ்வோர் ஓய்விலும் சில மிடறு தண்ணீர், விசிறிக் காற்று, நனைத்த துண்டு. இரண்டு நிமிடத்துக்குள் இவை எல்லாம் அடங்கும்.

'சோம்பேறி' என்று பெயர் வாங்கியவள்

பாஸ்போகிரியேட்டின் தானாக நிரம்புவதில்லை. அதை நிரப்பத் தேவையான ஆற்றல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் செல்லுலை வழியாகக் கிடைக்கிறது. அதனால்தான் ஓடி முடித்து உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்குகிறது. பெஞ்சில் மூச்சிரைக்க உட்கார்ந்திருப்பவள் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுவருவது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூற்றைச் சுமக்கும். மாதவிடாயின்போது இரத்தத்தோடு இரும்பும் வெளியேறுவதால், வளரும் பெண்பிள்ளைகளுக்கு அதே வயதுப் பையன்களைவிட உணவில் அதிக இரும்பு தேவை. அது கிடைக்காவிட்டால் ஹீமோகுளோபின் குறையும். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு இரத்தம் ஒரு லிட்டருக்கு 120 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அப்படிப்பட்ட மாணவிக்கு இரண்டு நிமிட ஓய்வு போதாது. சீக்கிரம் களைப்பாள், படியேறினாலும் மூச்சு வாங்கும். நாம் அவளைச் சோம்பேறி என்போம். நாளடைவில் அவளே அதை நம்பி அணியை விட்டு விலகிவிடக்கூடும். இழப்பு அங்கேதான் நேர்கிறது. உங்கள் அணியில் ஒருத்தி வழக்கத்துக்கு மாறாகக் களைத்துப்போனால் அவளைத் திட்ட வேண்டாம். பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தானாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்கவும் கூடாது.

சமையலறையில் செய்யக்கூடியதும் உண்டு. நெத்திலி, இறைச்சி, பருப்பு, கொண்டைக்கடலை, கீரை ஆகியவற்றில் இரும்பு இருக்கிறது. தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சை, கொய்யா போன்றவற்றின் வைட்டமின் சி அதற்கு உதவும். தேநீரிலுள்ள சில பொருள்கள் அதைத் தடுக்கும். சாப்பாட்டோடு தே தாரிக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

முழங்காலுக்குள் ஒரு நார்

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் ஏசிஎல் என்ற இணைப்புநார் அறுந்தால் ஆட்டக்காரர் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். காற்பந்து வகை விளையாட்டுகளில் இந்தக் காயம் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் ஏற்படுகிறது. பல நேரங்களில் யாரும் மோதுவதே இல்லை. திடீரென நின்று திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ முழங்கால் உட்பக்கமாக மடங்கிவிடுகிறது.

இயற்பியல் இங்கே உதவும். 50 கிலோ எடையுள்ள மாணவி 20 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கினால் தரையைத் தொடும்போது அவளுடைய வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். உந்தம் 100 கிலோகிராம் மீட்டர்/விநாடி. காலை விறைப்பாக வைத்து 0.05 விநாடியில் நின்றால் அவளை நிறுத்தத் தேவையான சராசரி விசை 2,000 நியூட்டன். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 0.2 விநாடியில் நின்றால் அது 500 நியூட்டன். உடலின் எடையும் இதோடு சேரும் என்றாலும் வேறுபாடு உங்களுக்கே தெரிகிறது. கால் பங்கு விசை!

இப்படி இறங்கப் பழக்கலாம். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் ஃபிஃபா பரிந்துரைக்கும் '11+' என்ற உடல்சூடேற்றும் பயிற்சிக்கு ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். மெதுவோட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து மென்மையாக இறங்குதல், திரும்புதல் ஆகியவை அதில் உண்டு. நார்வேயில் 125 மன்றங்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயது வரையிலான 1,892 ஆட்டக்காரப் பெண்களிடம் இந்த வகைப் பயிற்சி சோதிக்கப்பட்டது. முடிவு 2008ல் வெளியானது. பயிற்சி செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன.

களைத்த தசை மூட்டைக் கட்டுப்படுத்துவதில் தடுமாறும். ஆகவே சரியான நேரத்தில் பெஞ்சுக்கு வருவது முழங்காலுக்கும் பாதுகாப்பு.

அரையிறுதியின் கடைசி இரண்டு நிமிடம்

இப்போது உங்கள் முடிவுக்கு வருவோம். அரையிறுதி 1-1 என்று இருக்கிறது. இரண்டு நிமிடம் பாக்கி. உங்கள் அட்டவணைப்படி 'ஆ' குழு களத்துக்குப் போக வேண்டும். அணியின் சிறந்த ஆட்டக்காரி 'அ' குழுவில் ஆடிக்கொண்டிருக்கிறாள். வெளியே வரமாட்டேன் என்று கையசைக்கிறாள். பார்வையாளர்களும் "அவளை மாற்றாதீர்கள்" என்று கத்துகிறார்கள்.

அவளுடைய கையிருப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் எழுந்து நிற்கும் நால்வரிடம் 96 விழுக்காடு இருக்கிறது. திறமை என்பது கையிருப்பு மட்டுமல்ல என்பது உண்மை. கணக்கு போட்ட அணிதான் வெல்லும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் காலையிலிருந்து எட்டுப் பேரையும் ஆடவிட்டிருந்தால், அந்த நால்வரும் இந்த நேரத்தில் முதல் முறையாகப் பந்தைத் தொடப்போவதில்லை. நான்கு ஆட்டங்களில் பழகிய கால்கள் அவை. அதனால்தான் ஆள்மாற்றத்தை முதல் ஆட்டத்திலேயே தொடங்க வேண்டும். கடைசி ஆட்டத்தில் தொடங்கினால் அது சூதாட்டம்.

பெண்பிள்ளைகளின் ஃபுட்சால் வளர்ந்துகொண்டே இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தில், 2010ல் முதல் இளையர் ஒலிம்பிக் போட்டிகளின் காற்பந்து ஆட்டங்கள் நடந்தன. பெண்கள் பிரிவில் சிலி தங்கம் வென்றது. சிங்கப்பூர்ப் பையன்கள் வெண்கலம் பெற்றார்கள். 2018ல் புவனஸ் அயர்சில் நடந்த இளையர் ஒலிம்பிக்கில் காற்பந்துக்குப் பதிலாக ஃபுட்சால் இடம்பெற்றது. பெண்கள் பிரிவில் ஜப்பானை வீழ்த்திப் போர்ச்சுகல் வென்றது. ஃபிஃபாவின் முதல் மகளிர் ஃபுட்சால் உலகக் கிண்ணம் 2025ல் நம் அண்டை நாடான பிலிப்பீன்சில் நடந்தது.

அடுத்த முறை ஓர் ஆட்டம் பார்க்கப் போகும்போது ஒரு விநாடிமானியும் ஒரு தாளும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே ஓர் ஆட்டக்காரியைத் தேர்ந்தெடுத்து, அவள் எத்தனை விநாடி ஆடினாள், எத்தனை விநாடி உட்கார்ந்தாள் என்று குறியுங்கள். அரை நிமிடக் கணக்கைப் பயன்படுத்தி அவளுடைய கையிருப்பு ஏறி இறங்குவதை ஒரு வரைபடமாக வரையுங்கள். உட்கார்ந்த நேரத்தில்தான் கோடு மேலே ஏறும்.